சம்பளம், சாவி, கஞ்சி: மடத்துக்கு உள்ளேயா, வெளியேயா?

தம்பி மகள் போன மாதா திருவிழாவுக்கு வந்திருந்தாள். வயது 27, ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். சப்பரம் சுற்றி முடிந்து, மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது கேட்டாள்: “அத்தை, மடத்துக்குப் போகாமலே சாமிக்குன்னு இருக்க முடியுமா? நீங்க இருக்கிற மாதிரி?”

முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ‘நீங்க இருக்கிற மாதிரி’ என்றாளே, அந்த மாதிரியை அவளுக்குச் சிபாரிசு செய்வேனா?

எனக்கு இப்போது 61. 18 வயதில் ஒரு கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்தேன். நாவிஸாக (வார்த்தைப்பாட்டுக்கு முந்தின பயிற்சியில்) இருக்கும்போது அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். மூத்தவள் நான். வீட்டுக்கு வந்தேன், திரும்பிப் போகவில்லை. தபால் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தம்பி, தங்கை இருவரையும் கரையேற்றினேன். 29 வயதில், ஒரு சனிக்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு, பங்குச் சாமியார் ஒருவரை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு, கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன், கடைசிவரை ஆண்டவருக்கென்றே இருப்பேன் என்று தனிப்பட்ட வார்த்தைப்பாடு கொடுத்தேன். மோதிரம் இல்லை, உடுப்பு இல்லை, விருந்து இல்லை. அன்றைக்கு ஒன்பதரைக்குக் கவுண்டரில் மணியார்டர் எழுதிக்கொண்டிருந்தேன்.

நம் ஊர்ப் பெண்களுக்கு இரண்டு வழிதான் சொல்லித் தருகிறோம்: கல்யாணம், இல்லையென்றால் மடம். திருச்சபையில் இருப்பதோ நாலைந்து வழி. அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. செபம், தியானம், பூசை, ஏழைகளுக்கு உதவி எல்லாம் எந்த வழியிலும் செய்யலாம், யார் தடுக்கிறார்கள்? வழிக்கு வழி மாறுவது மூன்று விஷயம். முதல் தேதி சம்பளம் யார் கைக்குப் போகிறது? ராத்திரி வீட்டுச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது? படுக்கையில் விழுந்தால் கஞ்சி யார் கொண்டுவருவார்? நான் 29 வயதில் இந்த மூன்றையும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எல்லாருக்கும் தெரிந்த மடத்திலிருந்து தொடங்குகிறேன். 17 வயது முடியாமல் நவதுறவகத்தில், அதாவது நாவிஸ் பயிற்சியில், சேர்க்க முடியாது. நவதுறவகம் குறைந்தது 12 மாதம், அதிகம் போனால் இரண்டு வருடம். அதற்கு முன்னால் ஆஸ்பிரன்ட், போஸ்டுலன்ட் என்று படிகள், சபைக்குச் சபை வேறுபடும். முதல் வார்த்தைப்பாடு கொடுத்தபின் மூன்றிலிருந்து ஆறு வருடம் தற்காலிகமாக இருக்கவேண்டும். தேவைப்பட்டால் ஒன்பது வருடம் வரை நீட்டலாம். அப்புறம்தான் நித்திய வார்த்தைப்பாடு. அவசரப்பட்டு யாரும் உங்களைக் கட்டிப்போட மாட்டார்கள். யோசிக்க இவ்வளவு காலம் கல்யாணத்துக்குக்கூடக் கிடைப்பதில்லை.

சம்பளம் சபைக்கு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று மூன்று வாக்குக் கொடுக்கிறவர் வேலை செய்து பெறுவது அவருடையது ஆகாது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் சிஸ்டரின் பெயரில்தான் சம்பளம் வரும், ஆனால் அது சபைக்கணக்குக்குப் போய்விடும். இதை வைத்துத்தான் வருமான வரி வழக்கு நடந்தது. கையில் வாங்காத பணத்துக்கு வரி எப்படிப் பிடிக்கலாம், உலக வாழ்வைத் துறந்தவர் சட்டத்தின் கண்ணில் இறந்தவர் மாதிரிதானே என்று வாதாடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் பிடிக்கலாம் என்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, சிஸ்டரும் வரி கட்டியாக வேண்டும்.

சாவி மடத்துத் தலைவியான மதர் கையில். எந்த ஊர், எந்த வேலை, எந்த அறை என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை. மே மாதம் மாறுதல் கடிதம் வரும், பெட்டியைத் தூக்கவேண்டும். இதில் என் தம்பி மகளிடம் நான் அழுத்திக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. அவளுக்கு ஐசியூ வேலை உயிர். டியூட்டி முடிந்த பிறகும் ஏழாம் நம்பர் படுக்கைக்காரருக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று போன் போட்டுக் கேட்கிறவள். அவளை நாளைக்கு ஹாஸ்டல் வார்டனாகப் போட்டால்? மடத்துக்குப் போகிறவள் நர்ஸாக இருக்கப் போகவில்லை, சிஸ்டராக இருக்கப் போகிறாள். நர்ஸ் வேலை கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி என்று சொல்ல முடிந்தால்தான் அந்தக் கதவைத் தட்டவேண்டும்.

வேலைக்காகவே துறவு சபை என்ற அமைப்பைத் தள்ளிவைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். ஆஸ்திரிய நாட்டு டாக்டர் அன்னா டெங்கல் ராவல்பிண்டியில் பெண்கள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். ஆண் டாக்டரிடம் காட்டமாட்டோம் என்று பர்தாவுக்குள்ளேயே பெண்கள் பிரசவத்தில் சாவதைப் பார்த்தார். ஆனால் கன்னியாஸ்திரிகள் டாக்டர் தொழில் செய்ய, பிரசவம் பார்க்க அன்றைய திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் 1925இல் வாஷிங்டனில் அவர் தொடங்கிய மருத்துவ மிஷன் குழு, பகிரங்க வார்த்தைப்பாடு இல்லாத பெண்கள் குழுவாகத்தான் ஆரம்பித்தது. 1936இல் ரோம் அனுமதி கொடுத்தது, அதற்கப்புறமே அவர்கள் முழுச் சபை ஆனார்கள். இன்றைக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் வேலை முதலா, சபை முதலா என்பதை அவரவர் மனதில் தீர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கஞ்சி விஷயத்தில் மடத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. உறுப்பினருக்குத் தேவையான எல்லாவற்றையும் சபை கொடுக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தொகுப்பின் சட்டம் 670 சொல்கிறது. நான் இருந்த மடத்தில் ஞாபகம் போன ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். தினமும் என்னைப் பார்த்து “நீ எந்த ஊர்ப் பிள்ளை?” என்று கேட்பார். நானும் தினமும் சொல்வேன். அவருக்கு ஒருவேளைச் சாப்பாடு தவறி நான் பார்த்ததில்லை. தலை வாரிவிட ஒருவர், நற்கருணை கொண்டுவந்து ஊட்ட ஒருவர். தனியாக இருக்கும் என் அறையில், காய்ச்சல் வந்த ராத்திரிகளில், அந்த சிஸ்டரை நினைத்துக்கொள்வேன்.

மறுபக்கமும் சொல்லவேண்டும். பாதியில் வெளியே வந்தால், அங்கே பார்த்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது (சட்டம் 702). நியாயமாகவும் அன்போடும் நடத்தி அனுப்பவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அது அந்தந்த மதரின் மனசைப் பொறுத்தது. 40 வயதில் வெளியே வருகிற பலருக்குக் கையில் சேமிப்பு இருக்காது, பிஎஃப் இருக்காது. ஊரில் ‘திரும்பி வந்தவள்’ என்ற பெயர் மட்டும் இருக்கும். 21 வயதில் வந்த எனக்கே அது நாலைந்து வருடம் ஒட்டிக்கொண்டிருந்தது.

சரி, வெளியே இருந்துகொண்டே என்ன வழி? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: செக்குலர் இன்ஸ்டிட்யூட். தமிழில் இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஒன்றும் வாயில் ஒட்டவில்லை. நான் இந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன். அவரவர் வீட்டில், அவரவர் வேலையில் இருந்துகொண்டு, அதே மூன்று வாக்கையும் கொடுத்து வாழ்பவர்களின் குழு இது. உடுப்பு கிடையாது, பொது வீடு கட்டாயம் இல்லை. சேர்ந்த பிறகும் அவர் பொதுநிலையினரே, துறவி அல்ல என்று சட்டம் 711 தெளிவாகச் சொல்கிறது.

யோசனை என்னவோ பழையது. இத்தாலியில் பிரேஷியா நகரத்தில் 1535 நவம்பர் 25 அன்று ஆஞ்சலா மெரிசியும் 28 பெண்களும் இப்படித்தான் தங்களை அர்ப்பணித்தார்கள். மடச்சுவர் இல்லை. அப்பா அம்மா வீட்டிலும், வேலை பார்த்த வீடுகளிலும் இருந்துகொண்டே. கல்யாணமும் இல்லை மடமும் இல்லை என்றால் அது என்ன பிழைப்பு என்று அந்த ஊரும் கேட்டிருக்கும். ஆஞ்சலா 1540இல் இறந்தார். கொஞ்ச காலத்தில், ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் வந்தது. 1566இல் திருத்தந்தை 5ஆம் பயஸ் கன்னியர் எல்லாரும் அடைப்புக்குள் இருக்கவேண்டும் என்று கண்டிப்பாக்கினார். மெரிசியின் பெண்கள் பல இடங்களில் மெல்ல மெல்ல மடச்சுவருக்குள் போனார்கள். நமக்குத் தெரிந்த உர்சுலைன் சிஸ்டர்கள் அந்த வழியில் வந்தவர்கள். வீட்டிலிருந்தே வாழும் பெண்ணுக்குத் திருச்சபை முறையான இடம் கொடுத்தது 1947 பிப்ரவரி 2 அன்று, 12ஆம் பயஸ் வெளியிட்ட சட்டத்தில்தான். மெரிசியின் பழைய குழுவும் 1958இல் செக்குலர் இன்ஸ்டிட்யூட்டாக அங்கீகாரம் பெற்றது. நானூறு வருடத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறார்கள்! கல்யாணமாகாத பெண் தனியாக வெளியே இருந்தால் சமாளிக்கத் தெரியாதவர்கள் நம் ஊர்க்காரர்கள் மட்டும் இல்லை.

இந்த வழியில் போனவர்களில் எனக்குப் பிடித்தவர் மிலான் நகரத்து அர்மீதா பரெல்லி. வசதியான வீட்டுப் பெண். இத்தாலி முழுக்க ரயிலில் அலைந்து இளம்பெண்களுக்குக் கத்தோலிக்க இயக்கம் கட்டினார். 1921இல் தொடங்கிய மிலான் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவர், அதன் கணக்கு வழக்கைச் சுமந்தவர். 1919இல் அசிசியில் அவரும் பிரான்சிஸ்கன் துறவி அகுஸ்தினோ ஜெமெல்லியும் தொடங்கிய சிறு குழு பின்னாளில் செக்குலர் இன்ஸ்டிட்யூட் ஆனது. அவரை எல்லாரும் அழைத்தது ‘பெரிய அக்கா’ என்று. 1952இல் இறந்தார், 2022 ஏப்ரல் 30 அன்று முத்திப்பேறு பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி). மதர் என்ற பெயர் இல்லாமல், சேலையோ கவுனோ தரும் மரியாதை இல்லாமல், வெறும் அக்காவாக இருந்து இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது.

இங்கே சம்பளம் உங்கள் கணக்கில்தான் வரும், ஆனால் தன்னிஷ்டச் செலவு இல்லை. பல இன்ஸ்டிட்யூட்களில் வருடத்துக்கு ஒருமுறை வரவுசெலவுத் திட்டம் எழுதிப் பொறுப்பாளரிடம் காட்டவேண்டும். புது ஃபோன் எதற்கு என்று கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். சாவி உங்களிடம். மாதாந்திரக் கூடுகை, வருடாந்திரத் தியானம், தினமும் செபத்துக்கென்று ஒதுக்கிய நேரம் என்று ஒழுங்கு உண்டு. தொடக்கப் பயிற்சி குறைந்தது இரண்டு வருடம், அப்புறம் தற்காலிக வாக்கு குறைந்தது ஐந்து வருடம், அதன் பிறகே நிரந்தரம். மடத்தைப்போல இங்கேயும் பொறுமை தேவை.

கஞ்சி? இங்கேதான் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில குழுக்களில் பொது நிதி இருக்கும், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சில குழுக்களில் உங்கள் ஓய்வூதியமும் இன்சூரன்சும்தான். “எனக்கு 75 வயதில் இடுப்பு ஒடிந்தால் என்ன செய்வீர்கள்?” என்று முதல் சந்திப்பிலேயே கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது. அந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவர்கள் என்றால் அதுவே பதில்.

இன்னொரு சிக்கல், ரகசியம். பல இன்ஸ்டிட்யூட்களில் தான் உறுப்பினர் என்று வெளியே சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை. டான் போஸ்கோ குடும்பத்தில் பிலிப்போ ரினால்டி என்ற குரு 1917இல் தூரின் நகரத்தில் தொடங்கிவைத்த டான் போஸ்கோ தன்னார்வப் பெண்கள் அப்படித்தான். மாவில் புளிப்பு மாதிரி கலந்திருக்கவேண்டும் என்பது அதன் பொருள். நல்ல யோசனைதான். ஆனால் நம் ஊரில்? 30 வயதுப் பெண் கல்யாணம் வேண்டாம் என்றால், காரணம் சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் ஊரே ஒரு காரணம் சொல்லும். காதல் தோல்வி, உடம்பில் ஏதோ கோளாறு, அல்லது தம்பி சம்பளத்துக்காகப் பிடித்து வைத்திருக்கிறான். மடத்துக்குப் போனால் பெற்றோர் தலைநிமிர்ந்து “எங்க மக சிஸ்டர்” என்று சொல்லலாம், வார்த்தைப்பாட்டு நாளில் மாலை போட்டுக்கொண்டு படம் எடுக்கலாம். பஸ்ஸில் கண்டக்டர் “சிஸ்டர், இங்க உக்காருங்க” என்பார். வெளியே இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பெயர்ப்பலகை இல்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் “யாரும்மா கூட இருக்காங்க?” என்பது முதல் கேள்வி. எனக்கு 34 வயதில் ஒரு வீட்டுக்காரம்மா, “கல்யாணம் ஆகாதவங்களுக்குக் குடுக்கிறதில்லை” என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் “எம் பொண்ணுக்காக ஜெபம் பண்ணிக்கங்க” என்றார். பண்ணினேன்.

அதே சிக்கலை மனதில் வைத்துப் பார்த்தால் மூன்றாவது வழி கொஞ்சம் வெளிச்சமானது. மறைமாவட்ட ஆயர் (பிஷப்) கையால் அர்ப்பணிக்கப்படும் கன்னியர். ஆதித் திருச்சபையில் இருந்து, பின்னால் மடங்களுக்குள் மட்டுமே என்று ஒடுங்கிய ஒரு சடங்கை, உலகத்தில் வாழும் பெண்களுக்காக 1970இல் மறுபடி திறந்துவிட்டார்கள். சட்டம் 604 இவர்களைப் பற்றியது. 2018இல் ரோம் விரிவான வழிகாட்டியும் கொடுத்தது. அப்போது உலகம் முழுக்க 5,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பகிரங்கத் திருப்பலியில் ஆயர் மோதிரம் கொடுக்கிறார், திருச்சபையின் அன்றாடச் செபநூலான திருப்புகழ்மாலையைக் கையில் கொடுக்கிறார். ஊரறிய நடக்கும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கல்யாணம் ஆனவர்களுக்கு, விதவையானாலும், இந்த வழி இல்லை.

சம்பளம், சாவி, கஞ்சி மூன்றும் இங்கே முழுக்க முழுக்க உங்கள் பொறுப்பு. ஆயர் அர்ப்பணிக்கிறார் என்பதற்காக மறைமாவட்டம் மாதப்படி கொடுக்கும் என்று நினைக்கக் கூடாது. ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று தனி வார்த்தைப்பாடும் இல்லை. சொந்தச் சபை, கூடிச் சாப்பிட ஆட்கள் என்று எதுவும் தானாக வராது. நல்ல வேலையும் இருக்க ஒரு வீடும் உள்ள, ஆயருக்கு நேரடியாகத் தெரிந்த, 40ஐ நெருங்கும் பெண்ணுக்கு இது பொருந்தலாம். கடன் கட்டிக்கொண்டு ஹாஸ்டலில் இருக்கும் 27 வயதுக்கு இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் இப்படி அர்ப்பணிக்கப்பட்ட ஒருவரை நான் நேரில் பார்த்ததும் இல்லை. முன்னால் நடந்தவர் ஒருவர்கூடக் கண்ணில் படாத பாதையில் சின்னப் பெண்ணைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

கடைசியாக என் வழி, தனிப்பட்ட வார்த்தைப்பாடு. இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. திருச்சபையின் பெயரால் அதிகாரி ஏற்றுக்கொண்டால் அது பகிரங்க வார்த்தைப்பாடு, மற்றதெல்லாம் தனிப்பட்டது. சுலபமாகத் தொடங்கலாம், சுலபமாக முடிக்கவும் செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் பங்குச் சாமியாரே விடுவிக்கலாம் (சட்டம் 1196). புனிதர்கள் வரிசையில் இந்த வழிக்காரர்கள் இல்லாமல் இல்லை. வட அமெரிக்காவின் மோஹாக் இனப்பெண் கத்தேரி தேகக்விதாவைச் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு நெருக்கினார்கள். தோழிகளோடு சேர்ந்து ஒரு மடம் மாதிரி தொடங்க ஆசைப்பட்டபோது குருக்கள் வேண்டாம் என்றார்கள். 1679 மார்ச் 25 அன்று தனியாகக் கன்னிமை வார்த்தைப்பாடு கொடுத்தார். அடுத்த வருடமே, 24 வயதில் இறந்தார். 2012இல் புனிதர் பட்டம்.

ஆனால் கத்தேரிக்கு முதுமை வரவில்லை, கணக்கு வழக்கும் இல்லை. நான் அதிகம் நினைத்துக்கொள்வது லியோன் நகரத்துப் பவுலின் ஜரிக்கோவை. பட்டு வியாபாரி மகள். 1816 கிறிஸ்துமஸில், 17 வயதில், தனியாகக் கன்னிமை வார்த்தைப்பாடு கொடுத்தார். ஆளுக்கு வாரம் ஒரு காசு, பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர், அப்படிப் பத்துக் குழுவுக்கு ஒருவர் என்று ஆலைத் தொழிலாளிப் பெண்களை வைத்து மிஷன்களுக்குப் பணம் திரட்டினார். 1822இல் அது விசுவாசப் பரப்புதல் சங்கமானது. அக்டோபர் மாதம் மிஷன் ஞாயிறன்று நம் கோவிலில் உறை கொடுத்து வாங்குகிறார்களே, அதன் வேர் அந்தப் பெண். அவரே பின்னால் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு இரும்பாலை வாங்கினார். நம்பியவர்கள் ஏமாற்றினார்கள். கடனை அடைக்க ஊர் ஊராகக் கையேந்தி, ஏழைகள் பட்டியலில் பெயர் எழுதி, 1862இல் இறந்தார். 2022 மே 22 அன்று முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்கள். பட்டம் வரட்டும். அந்த ஆலைக்குக் கையெழுத்துப் போடும் முன்னால், “பவுலின், கொஞ்சம் பொறு, அந்தக் கணக்கை என்னிடம் காட்டு” என்று தடுத்து நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவர் இருந்திருந்தால்?

எனக்கும் சின்ன அளவில் ஒரு இரும்பாலை நடந்தது. பங்கில் பெண்களுக்குத் தையல் கூடம் தொடங்கவேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டார். பிஎஃப்பில் கடன் வாங்கி 60,000 ரூபாய் கொடுத்தேன். ஆறு மாதத்தில் மெஷினும் இல்லை, ஆளும் இல்லை. ‘ஏன் கொடுத்தாய்’ என்று கேட்க எனக்கு ஒரு மதரோ பொறுப்பாளரோ இல்லை. தம்பி கேட்டான், அவனிடம் எரிந்து விழுந்தேன். செபமும் அப்படித்தான். மடத்தில் ஐந்து மணிக்கு மணி அடிக்கும். இங்கே அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் முழுக்க அப்படிப் போயிருக்கிறது. பங்கிலோ நேர்மாறு: “நீ சும்மாத்தானே இருக்கே” என்று மறைக்கல்வி, பாடகற்குழு, அன்பியம் என்ற அக்கம்பக்கத்துச் செபக்குழு, பீடத்துணி துவைப்பது எல்லாம் என் தலையில். எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறவள் சும்மா இருப்பதாக எப்படிக் கணக்குப் போட்டார்களோ!

வருத்தமா என்றால், இல்லை. அப்பாவுக்கு ஒன்பது வருடம் கஞ்சி ஊட்டியது நான். மடத்தில் இருந்திருந்தால் வருட விடுமுறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பேன். பெற்றோருக்கு வேறு பிள்ளை இல்லாதவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பிரான்ஸில் மதலேன் தெல்பிரேல் என்ற பெண், ஒரே பிள்ளை, கார்மேல் மடத்துக்குப் போக ஆசைப்பட்டவர். வீட்டு நிலைமைக்காக அதை விட்டார். 1933இல் கம்யூனிஸ்டுகள் ஆண்ட இவ்ரி நகரத்துக்குத் தோழிகளோடு குடிபோய், சமூகப் பணி செய்து, அங்கேயே 1964 வரை வாழ்ந்து முடித்தார். கவனியுங்கள், தோழிகளோடு. தனியாகப் போகவில்லை. என் வழியில் குறை அதுதான்.

மூன்றாம் சபைகளையும், அதாவது ஒரு துறவு சபையோடு இணைந்து வீட்டிலிருந்தே வாழும் பொதுநிலையினர் குழுக்களையும், ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சியன்னா கத்தரீனும் லீமா ரோசும் தொமினிக்கன் மூன்றாம் சபைக்காரர்கள்தான், வீட்டிலிருந்தே புனிதர் ஆனவர்கள். இன்றைய பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் கல்யாணமானவர்களும் இருக்கிறார்கள். கன்னிமை வார்த்தைப்பாடு கேட்பதில்லை. கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் தெளியாதவர்கள் அங்கே இரண்டு மூன்று வருடம் இருந்து பார்க்கலாம். கல்யாணம் செய்துகொண்டாலும் அந்த உறவு அறுந்துபோகாது.

தம்பி மகளுக்கு என்ன சொன்னேன்? முதலில் கடன். நர்சிங் படிப்புக்கு வாங்கிய கல்விக்கடன் இன்னும் 14 மாதம் இருக்கிறது. அடைக்க முடியாத கடனோடு வருபவரை நவதுறவகத்தில் சேர்க்கக்கூடாது என்று சட்டம் 644 சொல்கிறது. அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு. “பேங்க் மேனேஜர்தான் என் ஆன்ம குருவா அத்தை?” என்றாள். இந்த 14 மாதத்துக்கு அப்படித்தான்.

இரண்டாவது, ராத்திரியைப் பார்க்கச் சொன்னேன். அவள் ஹாஸ்டலில் ஆறு பேரோடு ஒரே அறையில் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் பாதித் தட்டில் எழுந்துவிடுவாள். அதனால் ஒரு மாதம் தனி அறை எடுத்துத் தங்கிப் பார், டியூட்டி முடிந்து வந்து நீயே பூட்டைத் திற, நீயே விளக்கைப் போடு, அந்த அமைதியில் செபம் வருகிறதா அழுகை வருகிறதா பார் என்றேன். அழுகை வந்தால் மடம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செபம் வந்தால் செக்குலர் இன்ஸ்டிட்யூட் பக்கம் போகலாம். டான் போஸ்கோ சாமியார்களிடமோ ஆயரகத்திலோ கேட்டால் வழிகாட்டுவார்கள். இரண்டு பக்கமும் போய் ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும், சம்பளம், சாவி, கஞ்சி மூன்றையும் வாய்விட்டுக் கேட்கட்டும். என் வழியைக் கடைசியில்தான் வைத்தேன். அதற்கு வருவதானால், வருடம் ஒருமுறை தன் கணக்கையும் செபத்தையும் திறந்து காட்ட ஒரு ஆன்ம வழிகாட்டி, கூட நடக்க இரண்டு தோழிகள், மருத்துவ இன்சூரன்ஸ் மூன்றும் கையில் இருக்கவேண்டும் என்றேன். 

அப்புறம் உயில். மடத்தில் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னாலேயே எழுதி வாங்கிவிடுவார்கள். வெளியே இருக்கும் பெண்களுக்கு யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். கல்யாணம் ஆகாமல், பிள்ளை இல்லாமல் உயில் எழுதாமல் செத்தால், அப்பா இருந்தால் எல்லாம் அப்பாவுக்கு. இல்லையென்றால் அம்மாவுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் சமபங்கு. ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கு என்று மனதில் நினைத்து வைத்த பணமெல்லாம் நினைப்போடு போய்விடும். இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்ட ஒரு தாள் போதும், பதிவு செய்தால் இன்னும் நல்லது. இதை ரொம்ப விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் புரண்டு படுத்து, “நீங்க எழுதிட்டீங்களா அத்தை?” என்றாள்.

கீழே தம்பி கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது. கொசு கடிக்கிறது, உள்ளே போய்ப் படுப்போம் என்று பாயைச் சுருட்டினேன்.